ஒதுக்கப்படும் ஆட்டிறைச்சி: காரணம் என்ன, கணக்கு யாருக்கு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



மலேசியாவில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உள்நாட்டில் வளர்ந்த ஆடுகளிலிருந்து கிடைக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறது. சிங்கப்பூரோ ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. தீபாவளிக்கு முன்னும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னும் ஆட்டின் விலை ஏறும்போது பற்றாக்குறை என்ற சொல் எல்லார் வாயிலும் அடிபடுகிறது. ஆனால் வளர்த்து, தீனி போட்டு, லாரியில் ஏற்றி, அறுப்புக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்த இறைச்சியிலேயே ஒரு பகுதி ஒவ்வொரு நாளும் ஒதுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த இறைச்சி ஏன் ஒதுக்கப்படுகிறது? அதனால் வரும் இழப்பை யார் சுமக்கிறார்கள்? அதைக் குறைக்க வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளே இந்த உரையின் பொருள்.

பரிசோதகர் என்ன பார்க்கிறார்?

அறுப்புக்கூடத்தில் பரிசோதனை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டம் ஆடு உயிரோடு இருக்கும்போது. ஆடு நடக்கும் விதம், மூச்சு விடும் விதம், மூக்கில் சளி, உடம்பில் கட்டி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவை கவனிக்கப்படுகின்றன. இந்தக் கட்டத்திலேயே சில ஆடுகள் தனியே நிறுத்தப்படும். சில ஆடுகளை அறுக்க அனுமதியே கிடைக்காது.

இரண்டாவது கட்டம் அறுத்த பிறகு. கண்ணால் பார்ப்பது, கையால் தடவிப் பார்ப்பது, தேவையான இடத்தில் கத்தியால் கீறிப் பார்ப்பது என்று மூன்று வழிகள் இதில் உண்டு. ஈரல், நுரையீரல், இதயம், சுவரொட்டி, குடல் ஆகியவை ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். தோளுக்கு முன்னாலும் தொடைக்கு முன்னாலும் உள்ள நிணநீர்க் கணுக்கள் தடவிப் பார்க்கப்படும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. உடம்பில் எங்கே நோய் நுழைந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

பரிசோதனையின் முடிவு மூன்று வகைப்படும். முழு உடலும் நல்லது என்று முத்திரை குத்தப்படலாம். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதை விற்பனைக்கு விடலாம். அல்லது முழு உடலும் ஒதுக்கப்படலாம். கடும் காய்ச்சல் கண்ட ஆடு, இரத்தத்தில் நச்சு பரவிய ஆடு, மஞ்சள் காமாலை கண்ட ஆடு, எலும்பும் தோலுமாக மெலிந்த ஆடு ஆகியவை பெரும்பாலும் முழுமையாக ஒதுக்கப்படும். மெலிவைக் கண்டறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. நல்ல ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி வெண்மையாகவும் கெட்டியாகவும் கொழுப்பு இருக்கும். நோயால் மெலிந்த ஆட்டில் அந்தக் கொழுப்பு கூழைப் போல நீர்த்திருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஹலால் சான்று வேறு, கால்நடைப் பரிசோதனை வேறு. முன்னது அறுக்கும் முறையும் கையாளும் முறையும் சமய நெறிக்கு உட்பட்டவை என்று உறுதி செய்கிறது. பின்னது அந்த இறைச்சியில் நோய் இல்லை என்று உறுதி செய்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகிவிடாது.

சீழ்க்கட்டி நோய்

உலகம் முழுவதும் ஆட்டிறைச்சி ஒதுக்கப்படுவதற்கான காரணங்களில் முன்வரிசையில் நிற்பது நிணநீர்க் கணுக்களில் சீழ் கட்டும் நோய். ஆஸ்திரேலியப் பண்ணையாளர்கள் இதைப் பாலாடைக் கட்டி நோய் என்ற பொருளில் அழைக்கிறார்கள். சீழ் அப்படித்தான் கெட்டியாக, இளம்பச்சை கலந்த வெண்மையாக இருக்கும். செம்மறி ஆட்டில் அந்தக் கட்டியை வெட்டினால் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் அடுக்கடுக்காகத் தெரியும். வெள்ளாட்டில் பசைபோல் இருக்கும்.

இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1888-இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் நோக்கார்டு முதலில் ஒரு மாட்டிலிருந்து பிரித்தெடுத்தார். சில ஆண்டுகளில் அங்கேரியின் பிரைஸ் அதையே ஒரு செம்மறி ஆட்டில் கண்டார். அதனால் நெடுங்காலம் அது இந்த இருவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

இந்த நுண்ணுயிர் தோலில் உள்ள சிறு காயம் வழியாக உள்ளே நுழைகிறது. ஆஸ்திரேலியாவில் அது பரவும் முக்கிய இடம் மயிர் கத்தரிக்கும் கொட்டகை. கத்தரிக்கோல் பட்டுக் கட்டி உடைந்தால் சீழ் அடுத்த ஆட்டின் காயத்தில் ஒட்டும். அதைவிட முக்கியமான வழி வேறொன்று. நுரையீரலில் கட்டி உள்ள ஆடு இருமும்போது நுண்ணுயிர் காற்றில் தெறிக்கிறது. மயிர் கத்தரித்த ஆடுகளை மணிக்கணக்கில் நெருக்கமாக அடைத்து வைத்தால் புதிய காயங்களில் அது படிந்துவிடுகிறது. கத்தரித்த உடனே எல்லா ஆடுகளையும் ஒரே மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பதும் அதே கேட்டைத்தான் செய்கிறது.

வெள்ளாட்டில் கட்டி பெரும்பாலும் வெளியே, காதுக்குக் கீழேயும் தாடையிலும் கழுத்திலும் வருகிறது. பண்ணையாளர் கண்ணுக்கு அது தெரியும். செம்மறியில் அது உள்ளே நுரையீரலிலும் மார்புக்கூட்டிலும் வரலாம். ஆடு நன்றாக மேயும், கொழுகொழுவென்றும் இருக்கும். அறுத்த பிறகுதான் உண்மை தெரியும்.

இந்த நோய்க்கான தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் 1983-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2003-இல் அங்கு வெளியான ஓர் ஆய்வு வளர்ந்த செம்மறிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் இருப்பதைக் காட்டியது. நல்ல தடுப்பூசி இருந்தும் ஏன் இந்த நிலை? அதே ஆய்வு விடையும் சொன்னது. பண்ணையாளர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஊசி போட்டார்கள். ஆனால் சொன்ன முறைப்படி போட்டவர்கள் சுமார் 12 விழுக்காட்டினரே. குட்டிக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்பது முறை. பலர் முதல் ஊசியோடு நிறுத்திக்கொண்டார்கள். மருந்துக்குப் பணம் செலவானது, நோய் மட்டும் போகவில்லை.

பிரிட்டனின் அனுபவம் மலேசிய வளர்ப்பாளர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு 1990 வரை ஆடுகளில் இந்த நோய் காணப்படவில்லை. இனப்பெருக்கத்திற்காக இறக்குமதி செய்யப்பட்ட போயர் வெள்ளாடுகளோடு அது உள்ளே வந்தது. மலேசியாவிலும் போயர் கிடாய்க்கு நல்ல மதிப்பு உண்டு. இனம் நல்லதா என்று கேட்கும் வளர்ப்பாளர், கழுத்திலும் தாடையிலும் தடவிப் பார்த்துக் கட்டி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். புதிதாக வந்த ஆட்டைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் அது மட்டுமே போதாது. நோய் உடம்பில் நுழைந்து கட்டி வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே விற்பவரின் மந்தையில் இதற்கு முன் கட்டி வந்ததா என்று விசாரிப்பதே முதல் பாதுகாப்பு.

நாய் வழியாக வரும் நட்டம்

இரண்டாவது பெரிய காரணம் புழுக்கள். இவற்றில் சிலவற்றுக்கு ஆடு பாதி வீடு, நாய் மீதி வீடு.

நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு முட்டைகளை வெளியேற்றுகிறது. அவை புல்லில் ஒட்டிக்கொள்கின்றன. ஆடு அந்தப் புல்லை மேய்ந்தால் இதயத்திலும் உதரவிதானத்திலும் தசைகளிலும் சிறு நீர்ப்பைகள் உருவாகின்றன. ஆட்டுக்கு நோய் என்று வெளியே எதுவும் தெரியாது. மனிதருக்கும் இது தொற்றாது. ஆனாலும் பொரிப்பொரியாக நீர்ப்பை உள்ள இறைச்சியை எந்த வாடிக்கையாளரும் வாங்கமாட்டார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐந்துக்கு மேற்பட்ட பைகள் தென்பட்டால் முழு உடலும் ஒதுக்கப்படுகிறது.

இந்த நோய்க்கு எதிராக 1989-இல் உருவான தடுப்பூசி அறிவியல் உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. மரபணு மாற்ற முறையில் ஓர் ஒட்டுண்ணிக்கு எதிராக வெற்றிகரமாக உருவாக்கப்பட்ட முதல் தடுப்பூசி அதுதான். ஆயினும் அது பண்ணைகளில் பரவலான புழக்கத்திற்கு வரவில்லை. நாய்க்குப் பச்சைக் கறி கொடுக்காமல் இருப்பதும் மாதம் ஒருமுறை புழு மருந்து கொடுப்பதும் அதைவிட மலிவான வழிகள். நியூசிலாந்தில் நாய்க்குக் கொடுக்கும் ஆட்டிறைச்சியை நன்றாக வேகவைக்க வேண்டும், இல்லையேல் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியஸ் குளிரில் 10 நாளாவது உறைய வைக்க வேண்டும் என்று பண்ணையாளர்களுக்குச் சொல்லப்படுகிறது.

நாயோடு தொடர்புடைய இன்னொரு நாடாப்புழு மனிதருக்கும் ஆபத்தானது. அது ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகளை உண்டாக்கும். மனிதரின் ஈரலிலும் அதே கட்டி வளரலாம். இது ஆட்டு ஈரலை உண்பதால் வருவதில்லை. அந்த ஈரலைப் பச்சையாகத் தின்ற நாயின் கழிவிலிருந்து முட்டை மனிதரின் கைக்கும் வாய்க்கும் வருவதால் ஏற்படுகிறது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா மாநிலம் 1960களில் இதற்கு எதிராக இயக்கம் தொடங்கியது. நாய்களைப் பரிசோதித்தார்கள், பச்சைக் கழிவைக் கொடுப்பதைத் தடுத்தார்கள். 1996-இல் அந்த மாநிலமும் 2002-இல் நியூசிலாந்தும் இந்த நோயிலிருந்து தற்காலிகமாக விடுபட்டவை என அறிவிக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆனால் செய்ததெல்லாம் அடிப்படையில் ஒரே வேலைதான்: ஆட்டுக் கழிவையும் நாயையும் பிரித்து வைத்தார்கள்.

வெப்பநாட்டில் ஈரல் ஒதுக்கப்படுவதற்கு ஈரல் தட்டைப்புழுவும் முக்கியக் காரணம். நன்னீர் நத்தை வழியாக இது பரவுகிறது. சதுப்பு நிலத்திலும் வயல் ஓரத்திலும் மேயும் ஆட்டுக்கு இது வரும். ஈரலின் பித்தக் குழாய்கள் தடித்துக் கெட்டியாகிவிடும். செம்பனை, ரப்பர் தோட்டங்களில் மேயும் ஆடுகளுக்குக் கணையப் புழு வேறு இருக்கிறது. நிலத்து நத்தையிலிருந்து வெட்டுக்கிளிக்கும், வெட்டுக்கிளியை விழுங்கும் ஆட்டுக்கும் அது போகிறது. இவற்றோடு இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழுவும் சேர்ந்தால் ஆடு வெளிறி மெலிந்து, முழு உடலும் ஒதுக்கப்படும் நிலைக்கு வந்துவிடுகிறது. மலேசியாவில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்படும் பரண் கொட்டில் வழக்கத்தில் உள்ளது. சாணமும் ஆடும் ஒரே இடத்தில் கிடக்காமல் செய்வதால் புழுத் தொல்லையைக் குறைக்க அது பெரிதும் உதவுகிறது.

மனிதர் செய்யும் கேடு

மூன்றாவது வகைக் காரணங்களுக்கு நுண்ணுயிரையோ புழுவையோ மட்டும் குறை சொல்ல முடியாது. அவை மனிதர் கையால் வருபவை.

ஆட்டை மயிரைப் பிடித்துத் தூக்கினால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டும். வெளியே எதுவும் தெரியாது. தோலை உரித்த பிறகு அந்த இடம் செக்கச்செவேலென்று இருக்கும். கம்பால் அடிப்பது, லாரியில் அளவுக்கு மீறி அடைப்பது, கொம்புள்ள கிடாய்களை மற்றவற்றோடு கலந்து ஏற்றுவது, வழுக்கும் பலகையில் இறக்குவது ஆகிய எல்லாமே இரத்தக்கட்டில் முடியும். புதிய இரத்தக்கட்டு சிவப்பாகவும் பல நாள் ஆனது மஞ்சளும் பச்சையுமாகவும் மாறும். ஆகவே அது பண்ணையில் நடந்ததா, லாரியில் நடந்ததா என்பதைக் கூடப் பரிசோதகர் ஓரளவு சொல்லிவிட முடியும்.

ஊசி போடும் இடமும் முக்கியம். தொடைச் சதையில் அழுக்கு ஊசியால் குத்தினால் அங்கே சீழ் கட்டும். ஆட்டின் விலைமதிப்புள்ள பகுதி தொடைதான். தடுப்பூசியைக் காதுக்குப் பின்னால், கழுத்தின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் போடச் சொல்வதன் காரணம் இதுதான். அங்கே கட்டி வந்தாலும் நட்டம் குறைவு. ஆண்டிபயாட்டிக் மருந்து கொடுத்த ஆட்டை, புட்டியில் எழுதியுள்ள நாட்கள் கழியும் முன் அறுப்புக்கு அனுப்புவதும் குற்றமே. அந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் உண்பவர் தட்டுக்குப் போகிறது.

வால் வெட்டும்போதும் காயடிக்கும்போதும் சுத்தம் இல்லையென்றால் அந்தப் புண் வழியாக நுண்ணுயிர் மூட்டுக்குப் போய் வீக்கம் உண்டாக்குகிறது. மூட்டு வீங்கிய காலை மூட்டோடு சேர்த்து வெட்டி எறிய வேண்டியதுதான். புகை, தூசி, ஈரம், நெரிசல் உள்ள கொட்டிலில் சளிக்காய்ச்சல் வந்து நுரையீரல் விலா எலும்போடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கும்போது விலாப்பகுதியும் சேர்ந்து போகிறது.

கடைசியாகச் சாணம். நன்றாக நிரம்பிய வயிற்றோடு வரும் ஆட்டை அறுக்கும்போது குடல் கிழிந்து இறைச்சியில் அசுத்தம் படலாம். அழுக்கு ஒட்டிய தோலிலிருந்தும் அது படும். அசுத்தம் பட்ட இடத்தைக் கழுவினால் போதாது, வெட்டி எடுக்க வேண்டும். உணவு நச்சாவதற்குக் காரணமான நுண்ணுயிர்கள் சாணத்தில்தான் இருக்கின்றன.

கட்டி என்றால் எல்லாம் ஒன்றல்ல

மலேசியாவில் உள்ள ஓர் ஆபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற நோயை 1912-இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் உலகுக்கு விவரித்தார். அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் ஆய்வுக்கூட விலங்குகளிடையே அது கண்டறியப்பட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிரால் வரும் இந்த நோய் வெள்ளாட்டுக்கும் வரும். ஈரலிலும் சுவரொட்டியிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டிகள் தோன்றும். இந்த நோய் கண்ட ஆட்டின் முழு உடலையும் ஒதுக்கியாக வேண்டும்.

மனிதருக்கு இந்த நோய் பெரும்பாலும் மண், நீர் வழியாகவே வருகிறது. ஆட்டிடமிருந்து வருவது அரிது. ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நீரிழிவு உள்ளவர்களை அது அதிகமாகத் தாக்குகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் முனீஸ்வரர் பூசைக்கும் குடும்ப விழாவுக்கும் ஆடு வெட்டுவது நெடுநாள் வழக்கம். அங்கே பரிசோதகர் இல்லை. உள்ளே கட்டி இருந்தால், அதை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதைச் சட்டியில் போடுவதும், எறிந்ததை நாய் தின்பதும் நடக்கிறது. கையில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கட்டி சாதாரணச் சீழ்க்கட்டியா, மெலியோய்டோசிஸா, வேறு நோயா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. ஆய்வுக்கூடத்தில்தான் சொல்ல முடியும். ஆகவே பல உறுப்புகளில் கட்டி உள்ள ஆட்டை உண்ணாமல் விடுவதே அறிவுடைமை. ஓர் ஆட்டின் விலை போகும், அவ்வளவுதான்.

இழப்பின் கணக்கு

இப்போது பணத்துக்கு வரலாம். 40 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டை அறுத்தால் தோல், தலை, குடல் போக எலும்போடு சுமார் 18 கிலோ இறைச்சி கிடைக்கும். கணக்குக்காகக் கிலோ 50 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு 900 ரிங்கிட். ஒரு கடைக்காரர் 10 ஆடு வாங்குகிறார். அவற்றில் ஒன்று முழுமையாக ஒதுக்கப்படுகிறது. அந்த 900 ரிங்கிட்டை மற்ற ஒன்பது ஆடுகளின் 162 கிலோ இறைச்சியில் ஈடுகட்ட வேண்டுமானால் கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்தரை ரிங்கிட் கூட்டியாக வேண்டும். வாங்குபவர் நல்ல இறைச்சிக்குக் கொடுக்கும் விலையில் ஒதுக்கப்பட்ட இறைச்சியின் விலையும் ஒளிந்திருக்கிறது.

முழு ஒதுக்கல் கண்ணில் படும். பகுதி ஒதுக்கல் படாது. 100 ஆட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ வெட்டி எறிந்தால் 100 கிலோ போகிறது. அது ஐந்து முழு ஆட்டுக்கும் மேல். ஆனால் எந்த ஏட்டிலும் ஐந்து ஆடு செத்ததாகப் பதிவு இருக்காது.

வெட்டுவதற்குக் கூலி உண்டு. ஓர் ஆட்டில் கட்டி உடைந்தால் கத்தியைக் கழுவி, மேசையைச் சுத்தம் செய்து, கையுறை மாற்ற வேண்டும். அதுவரை பின்னால் வரும் ஆடுகள் காத்திருக்கும். ஒதுக்கியதை அப்புறப்படுத்தவும் செலவு உண்டு. பெரிய கூடங்களில் அதை உருக்கிக் கொழுப்பும் தூளும் எடுக்கிறார்கள். ஆனால் அதற்குக் கிடைக்கும் விலை இறைச்சியின் விலைக்கு அருகில்கூட வராது. அந்தத் தூளை மீண்டும் ஆடுமாடுகளுக்குத் தீனியாகக் கொடுப்பதையும் பைத்தியமாட்டு நோய்க்குப் பின் ஆஸ்திரேலியா 1997 முதல் தடைசெய்துள்ளது.

எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம் அறுப்புக்கூடத்துக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. சீழ்க்கட்டி நோய் கண்ட ஆண்டில் செம்மறியின் கம்பளி விளைச்சல் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் இந்த ஒரு நோயால் மட்டும் கம்பளியிலும் இறைச்சியிலும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புழு உள்ள ஆடு தின்ற தீனிக்கு ஏற்ற எடை போடாது. மூட்டு வீங்கிய குட்டி மேயப் போகாது. ஒதுக்கப்பட்ட ஈரல் என்பது மாதக்கணக்கில் வீணான தீனியின் கடைசி அடையாளமே.

தகவல் ஏன் திரும்பிப் போவதில்லை?

இத்தனை காரணமும் தெரிந்திருந்தும் நிலைமை ஏன் மாறுவதில்லை? விடை வியாபார முறையில் இருக்கிறது. வளர்ப்பாளர் ஆட்டை உயிரோடு எடை போட்டு விற்றுப் பணத்தை வாங்கிவிடுகிறார். நடுவில் ஒரு தரகர் பல பண்ணை ஆடுகளைக் கலந்து ஏற்றுகிறார். ஒதுக்கப்பட்டால் இழப்பு கடைக்காரருக்கு. அவர் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த முறை எல்லா ஆட்டுக்கும் விலையைக் குறைத்துக் கேட்கிறார். தன் ஆட்டின் ஈரலில் புழு இருந்தது என்று வளர்ப்பாளருக்குக் கடைசிவரை தெரியாது. ஒழுங்காக ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே விலை. அப்படியானால் ஊசி போடுவானேன் என்றுதான் எவரும் நினைப்பார்.

ஆஸ்திரேலியா இதற்கு ஒரு வழி கண்டது. 2007-இல் செம்மறி நலக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அறுப்புக்கூடத்தில் பரிசோதகர் கண்ட நோய்கள் காதுப்பட்டையின் உதவியால் பண்ணை வாரியாகப் பதிவாயின. எத்தனை ஆட்டில் கட்டி, எத்தனை ஆட்டில் புழு என்ற தகவல் உரிமையாளருக்கே போய்ச் சேர்ந்தது. தண்டிப்பதற்காக அல்ல, தெரிவிப்பதற்காக. எந்த மாதத்தில் எந்த மேய்ச்சல் நிலத்தில் தவறு நடந்தது என்று அவரே கண்டுபிடித்துக்கொள்ள அது வழி செய்தது.

மலேசியாவில் இதைச் சிறிய அளவில் தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண், ஆட்டின் காதில் ஒரு பட்டை, பரிசோதகர் எழுதும் சீட்டின் ஒரு நகல் வளர்ப்பாளருக்கு. இவை மூன்றும் போதும். வாங்குபவரும் விற்பவரும் முன்கூட்டியே பேசி, முழு ஒதுக்கலின் இழப்பை இருவரும் பகிர்ந்துகொள்வது என்று ஒப்புக்கொண்டால், நோயைத் தடுப்பதில் இருவருக்கும் அக்கறை வந்துவிடும்.

யார் என்ன செய்யலாம்?

வளர்ப்பாளர் செய்ய வேண்டியவை இவை. கட்டி உள்ள ஆட்டைப் பிரித்து வைக்க வேண்டும். கட்டியைக் கொட்டிலுக்குள் பிதுக்கிச் சீழைத் தரையில் விடக்கூடாது. அந்த நுண்ணுயிர் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கால்நடை மருத்துவர் சொல்லும் முறையில், கையுறையோடு சீழை ஒரு பாத்திரத்தில் எடுத்து எரித்துவிட வேண்டும். மயிர் கத்தரிப்பதாக இருந்தால் இளம் ஆடுகளை முதலிலும் வயதானவற்றைக் கடைசியிலும் கத்தரிக்க வேண்டும். நாய்க்குப் பச்சைக் குடலும் ஈரலும் போடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

லாரிக்காரரும் தரகரும் ஆட்டை மயிரைப் பிடித்துத் தூக்காமல், நெருக்கி அடைக்காமல் கொண்டுவந்தாலே இரத்தக்கட்டில் பெரும்பகுதி குறையும்.

வீட்டு விழாவுக்கு ஆடு தேவைப்படுபவர்கள், முடிந்தவரை பரிசோதனை உள்ள அறுப்புக்கூடத்தில் அறுத்து வாங்கலாம். இயலாவிட்டால் கையுறை அணிந்து, கையில் காயம் உள்ளவரையும் நீரிழிவு உள்ளவரையும் வெட்டும் வேலையிலிருந்து விலக்கி, கழிவை ஆழமாகப் புதைக்க வேண்டும்.

வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் ஈரல் இன்றைக்கு இல்லை என்று சொன்னால் கோபப்படத் தேவையில்லை. யாரோ ஒருவர் அதைக் கீறிப் பார்த்து, விற்கக் கூடாது என்று முடிவெடுத்திருக்கலாம். முத்திரை இருக்கிறதா என்று கேட்கும் வாடிக்கையாளர் பத்துப் பேர் இருந்தால் முத்திரை இல்லாத இறைச்சி அந்தக் கடைக்கு வராது.

ஆஸ்திரேலியாவிலிருந்து கடல்வழியாக உயிருள்ள செம்மறிகளை ஏற்றுமதி செய்வது 2028 மே 1-ஆம் தேதியோடு நிற்கிறது. இதற்கான சட்டம் 2024-இல் நிறைவேறியது. விமான வழிக்கு அந்தத் தடை இல்லை. இருந்தாலும் இறக்குமதியை மட்டுமே நம்பியிருப்பது எத்தகைய நிலை என்பதை அது நினைவூட்டுகிறது. உள்நாட்டு ஆடுகளைப் பெருக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. புதிதாக ஓர் ஆட்டை வளர்ப்பதைவிட, வளர்ந்த ஆடு வீணாகாமல் காப்பது மலிவு. அதற்குத் தேவையானவை முறையாகப் போட்ட இரண்டு ஊசி, புழு மருந்து உண்ட ஒரு நாய், பொறுமையாக ஓட்டும் ஒரு லாரிக்காரர், வளர்ப்பாளர் கைக்குப் போய்ச் சேரும் ஒரு துண்டுச் சீட்டு.